பங்கும் கூலியும்: கிகி வாழ்ந்த இரண்டு ஊர்கள்

1989 ஜூலை 29 அன்று ஜப்பானில் வெளியான 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' அனிமேஷன் படத்தைத் திரையரங்குகளில் சுமார் 26 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த ஆண்டு வந்த ஜப்பானியப் படங்களில் வசூலில் முதலிடம் அதற்குத்தான். முந்தைய ஆண்டு ஹயாவோ மியசாகி இயக்கிய 'மை நெய்பர் டொட்டோரோ' இன்று உலகமே கொண்டாடும் படம் என்றாலும், வந்த புதிதில் திரையரங்குகளில் பெரிதாக ஓடவில்லை. இவற்றைத் தயாரித்த ஜிப்லி நிறுவனம் காலூன்றியது கிகியால்தான். பதின்மூன்று வயது மந்திரக்காரச் சிறுமி ஒருத்தி கறுப்புப் பூனையோடு துடைப்பத்தில் ஏறிப் பறந்து, யாரையும் தெரியாத கடற்கரை நகரத்துக்கு வந்து, பொருள்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தொழில் தொடங்குகிறாள். நடுவில் ஒரு நாள் பறக்கும் ஆற்றல் அவளை விட்டுப் போய்விடுகிறது. பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தக் கட்டத்தைத்தான் முதலில் சொல்வார்கள்.

எய்கோ கடோனோ 1985இல் எழுதிய மூலநூலில் இந்தக் கட்டமே இல்லை. அதில் கிகி ஒருபோதும் பறக்கும் ஆற்றலை இழப்பதில்லை. படத்தில் நடப்பதுபோல் அவளோடு பேசும் பூனை ஜிஜி பேசுவதை நிறுத்துவதுமில்லை. திரைப்படத்துக்கு ஒரு நெருக்கடி தேவை, அதற்காக இயக்குநர் மியசாகி சேர்த்துக்கொண்டார் என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது போதாது என்பது என் எண்ணம். கதையில் நெருக்கடியை உண்டாக்க நூறு வழிகள் இருக்கும்போது மியசாகி ஏன் குறிப்பாக இதைத் தேர்ந்தெடுத்தார்? கிகி செய்யும் வேலைக்கு அவளுக்கு என்ன கிடைக்கிறது என்ற எளிய கேள்வியில் இதற்கான விடை இருப்பதாக நினைக்கிறேன். புத்தகத்தில் அவளுக்குக் கிடைப்பது பங்கு. படத்தில் கிடைப்பது கூலி.

கடோனோ 1935இல் டோக்கியோவில் பிறந்தவர். ஐந்து வயதில் தாயை இழந்தார். போர்க்காலத்தில் குழந்தைகளை நகரத்திலிருந்து வெளியேற்றியபோது வீட்டைப் பிரிந்து வாழ்ந்தார். வசேடா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து, திருமணத்துக்குப் பிறகு 1959இல் கப்பலேறி பிரேசிலுக்குப் போய் சாவோ பாவ்லோவில் இரண்டு ஆண்டுகள் இருந்தார். அங்கே அவருக்கு மொழியும் தெரியாது, மனிதர்களும் தெரியாது. அங்கே அவர் பழகிய லூயிசின்யோ என்ற சிறுவனைப் பற்றித்தான் 1970இல் தன் முதல் புத்தகத்தை எழுதினார். கதையில் கிகி வந்துசேரும் கோரிக்கோ நகரத்தின் வானத்தில் நின்று கீழே பார்க்கும் அவளது தயக்கத்தில் இந்த அனுபவம் கலந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. கதையின் பொறி வேறொரு இடத்திலிருந்து வந்தது. துடைப்பத்தில் வானொலிப் பெட்டியைத் தொங்கவிட்டுப் பாட்டுக் கேட்டபடி பறக்கும் மந்திரக்காரியின் படம் ஒன்றை அவருடைய மகள் பன்னிரண்டு வயதில் வரைந்திருந்தாள். அந்த வானொலி புத்தகத்திலும் இருக்கிறது, படத்திலும் இருக்கிறது.

கதை முதலில் 1982–83இல் 'ஹஹா நோ டோமோ' என்ற மாத இதழில் தொடராக வந்தது. குழந்தைகளை வளர்க்கும் தாய்மாருக்காக ஃபுகுயின்கான் பதிப்பகம் நடத்திய இதழ் அது. உரக்கப் படித்துக் காட்டுவதற்கான கதைகள் அதில் வரும். நூலின் வடிவத்துக்குக் காரணம் இதுதான். ஒரு மாதத்துக்கு ஒரு கதை, கதைக்கு ஒரு வாடிக்கையாளர், அவருக்கு ஒரு சிக்கல். கம்பளி நூலில் வயிற்றுப்பட்டை பின்னும் பாட்டி ஒருத்தி உலகத்தின் எல்லாக் கோளாறுகளுக்கும் அதுவே மருந்து என்று நம்புகிறாள். கடைசியில் கப்பல் தலைவர் ஒருவரின் கவலையும் அதனால்தான் தீர்கிறது. புத்தாண்டு இரவில் நகரமே நம்பியிருக்கும் மணிக்கூண்டுக் கடிகாரத்தின் பல்சக்கரம் பழுதாகிறது. இசைக் குழுவினரின் வாத்தியங்கள் ரயிலிலேயே தங்கிவிடுகின்றன. ஓடும் ரயிலிலிருந்து அவற்றை மீட்டுக் கிகி பறந்து வரும்போது காற்று புகுந்து அவை தாமாக ஒலிக்கின்றன. மாதாமாதம் படுக்கையோரம் படிக்கப்பட்ட கதைகளில் நாயகியை உடைத்துப் போடும் பெருந்துயரம் வர வேண்டிய அவசியமும் இல்லை, அதற்கு இடமும் இல்லை.

ஆனால் அந்தக் கதைகளில் கணக்கு ஒன்று தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. கிகி தன் வேலைக்கு விலைப்பட்டியல் வைப்பதில்லை. கொடுப்பவர் தன்னிடம் இருப்பதில் கொஞ்சத்தைப் பகிர்ந்தால் போதும் என்கிறாள். பின்னுகிற பாட்டியிடமிருந்து கிடைப்பது பின்னியதில் ஒரு பங்கு. மந்திரக்காரிகளும் மற்ற மனிதர்களும் ஒருவரையொருவர் தாங்கி வாழ்கிறார்கள் என்ற முறை அவள் தாய் கொக்கிரியிடமிருந்து அவளுக்கு வந்தது. தும்மலுக்கு மருந்து காய்ச்சும் கொக்கிரியும் தன் ஊரில் அப்படித்தான் வாழ்கிறாள். மந்திரக்காரிகளின் ஆற்றல் தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்துவருகிறது; முழு இருட்டும் முழு அமைதியும் உலகத்தில் இல்லாமல் போனதும் அதற்கொரு காரணம் என்று நூல் சொல்கிறது. ஆக, தேய்மானம் கடோனோவின் கதையிலும் இருக்கிறது. ஆனால் அது ஓர் இனத்தின் நீண்ட வரலாறு. தனியொரு சிறுமியின் மனதுக்குள் அது நடப்பதில்லை.

புத்தகத்தில் கிகிக்கு நேரும் பெரிய இழப்பு துடைப்பம் உடைவதுதான். பறப்பதில் பித்துக் கொண்ட டோம்போ என்ற சிறுவன் அதைத் திருட்டுத்தனமாக எடுத்துப் பறக்கப் பார்த்து உடைத்துவிடுகிறான். கிகி அழுகிறாள், கோபப்படுகிறாள், பிறகு உட்கார்ந்து புதிதாக ஒன்றைச் செய்துகொள்கிறாள். புதுத் துடைப்பம் பழகும்வரை தள்ளாடித் தள்ளாடிப் பறக்கிறாள். அதுவரை அவளிடமிருந்து விலகியே நின்ற ஊர்க்காரர்கள் அந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்துக் கவலைப்பட்டு அவளிடம் பேசத் தொடங்குகிறார்கள். நூலிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. குறையும் பகிர்வதற்குரிய பொருளாகிவிடுகிறது.

அந்தக் காலத்து ஜப்பானையும் இங்கே பார்க்க வேண்டும். பொதிகளை வீட்டு வாசலிலேயே வாங்கிக்கொண்டு இன்னொரு வீட்டு வாசலில் சேர்ப்பது என்பது அங்கே பழைய சேவை அல்ல. யமாட்டோ நிறுவனம் மசாவோ ஒகுரா தலைமையில் 1976 ஜனவரியில் அதைத் தொடங்கியபோது முதல் நாளில் கிடைத்தவை 11 பொதிகள் மட்டுமே. பத்தாண்டுகளுக்குள் அது நாட்டின் அன்றாட வழக்கமாகிவிட்டது. 'டெலிவரி சர்வீஸ்' என்ற பொருளில் கடோனோ தன் தலைப்பில் வைத்த ஜப்பானியச் சொல் அந்த நிறுவனத்தின் வணிகப் பெயர். நிறுவனத்தின் சின்னமோ குட்டியைக் கவ்விச் செல்லும் கறுப்புப் பூனை. பின்னாளில் படத்துக்கு ஆதரவளித்த நிறுவனங்களில் யமாட்டோவும் ஒன்று. ஆக, புத்தம் புதிதாகப் பெருகிக்கொண்டிருந்த ஒரு நவீனத் தொழிலை எடுத்து, அதற்குள் காசுக்கு முந்தைய கொடுக்கல் வாங்கலைக் கடோனோ வைத்தார். வேலையில் பெண்களுக்குச் சம வாய்ப்பு அளிக்கும் சட்டம் ஜப்பானில் நிறைவேறியதும் நூல் வெளியான அதே 1985இல்தான். அடுத்த ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. சொந்தக் காலில் நிற்கக் கிளம்பும் பெண்ணின் கதையை அந்த வாசகர்கள் வெறும் மாயக்கதையாகப் படித்திருக்க மாட்டார்கள்.

ஜிப்லிக்கு இந்தக் கதை வந்து சேர்ந்தபோது மியசாகி 'டொட்டோரோ' வேலையில் மூழ்கியிருந்தார். இளைய தலைமுறையிடம் படத்தை ஒப்படைப்பதே முதல் திட்டம். இயக்குநராக இருக்க வேண்டியவர் சுனாவோ கடபுச்சி. 2016இல் வந்த 'இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்' படத்தின் இயக்குநர் அவர்தான். வெளியாள் ஒருவர் எழுதிய முதல் திரைக்கதை மியசாகிக்குத் திருப்தி தரவில்லை. தானே எழுதத் தொடங்கினார், பிறகு இயக்கத்தையும் எடுத்துக்கொண்டார். கடபுச்சி துணை இயக்குநரானார். சிறிய படமாகத் திட்டமிட்டது வளர்ந்து வளர்ந்து நூறு நிமிடங்களைத் தாண்டியது.

1988இல் மியசாகி எழுதிய திட்டக் குறிப்பு முக்கியமான ஆவணம். டோக்கியோவுக்கு வந்து தனியாக வாழும் இளம்பெண்களையும், மங்கா வரையும் கனவோடு வருகிறவர்களையும் மனதில் வைத்துத்தான் அவர் கிகியைப் பார்க்கிறார். மந்திரம் என்பது இந்தப் படத்தில் எல்லையற்ற ஆற்றல் கிடையாது, எந்தப் பெண்ணுக்கும் இருக்கக்கூடிய ஒரு திறமை என்ற அளவிலேயே அதை வைக்கிறார். பகுதிநேர வேலைகள் நிறைந்த இந்தக் காலத்தில் பணத்தளவில் தனித்து வாழ்வது பெரிய சாதனை ஆகாது, உள்ளத்தளவில் தனித்து நிற்பதுதான் கடினம் என்பது அவருடைய வாதம். 1989 ஜப்பானியப் பங்குச் சந்தை உச்சத்தைத் தொட்ட ஆண்டு. டிசம்பர் 29 அன்று நிக்கேய் குறியீடு ஏறிய உயரத்தை மறுபடி எட்டிப்பிடிக்க முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. வேலைக்குப் பஞ்சமில்லாத அந்த நாட்டில் நின்றுகொண்டு, வேலை கிடைத்த பிறகு என்ன ஆகிறது என்று மியசாகி கேட்டார்.

எனவே படத்தில் காசு உடனே வந்துவிடுகிறது. பேக்கரி நடத்தும் ஒசோனோ, கடையில் உதவி செய்தால் போதும் என்று மாடியறையை அவளுக்குக் கொடுக்கிறாள். கிகி கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும்போது வாழ்வதற்கு இவ்வளவு செலவாகுமா என்று மலைக்கிறாள். வாடிக்கையாளர் யாரும் வராவிட்டால் நாள்தோறும் பான்கேக் மட்டுமே தின்ன வேண்டியதுதான் என்று கவலைப்படுகிறாள். கண்ணாடிக்குப் பின்னால் அழகான காலணிகள் இருக்கின்றன. அவளுடைய உடையோ கறுப்பு. இவ்வளவும் மெல்லிய கோடுகளாகத்தான் வருகின்றன. ஆனால் புத்தகத்துக் கிகி ஒருபோதும் கால்வைக்காத உலகம் இது.

படத்தின் இதயம் மீன் பணியாரக் காட்சி. பேத்தியின் பிறந்தநாளுக்கு ஒரு மூதாட்டி ஹெர்ரிங் மீன் வைத்த பணியாரம் அனுப்ப நினைக்கிறார். மின் அடுப்பு வேலை செய்யவில்லை. பணியாரம் ஆயத்தமாகாவிட்டாலும் பேசிய தொகையைக் கிகிக்குக் கொடுத்துவிடச் சொல்கிறார். செய்யாத வேலைக்குக் காசு வாங்க அவளுக்கு மனம் வரவில்லை. பழைய விறகடுப்பைத் தானே மூட்டி, பணியாரத்தை வேகவைத்து, கொட்டும் மழையில் நனைந்தபடி கொண்டுபோகிறாள். டோம்போ அழைத்திருந்த விருந்து அவளுக்குத் தவறிப்போகிறது. கதவைத் திறக்கும் பேத்தி, பாட்டியின் இந்தப் பணியாரம் எனக்குப் பிடிக்காது என்று சலித்துக்கொண்டே வாங்கிக் கதவைச் சாத்துகிறாள்.

இந்த ஒரே காட்சியில் இரண்டு கணக்கும் மோதுகின்றன. கிகி அடுப்பு மூட்டியது பங்கின் முறை. வாசலில் அவளுக்குக் கிடைத்தது கூலியின் முறை. பொருள் போய்ச் சேர்ந்தது, வேலை முடிந்தது, அதற்கு மேல் அவளுக்கும் அந்த வீட்டுக்கும் எந்த உறவும் இல்லை. பேத்தி கொடியவள் அல்ல; காசு கொடுத்து அழைத்த ஆளிடம் யாரும் பேசுவது போலத்தான் பேசுகிறாள். மியசாகி அவளை வில்லியாக்காமல் விட்டதில் அவருடைய நேர்மை தெரிகிறது. கிகி காய்ச்சலில் விழுகிறாள். தேறி எழுந்தபின் டோம்போவின் நண்பர்கள் கூட்டத்தில் அதே பெண்ணைப் பார்த்ததும் முகம் சுருங்கித் திரும்பி நடக்கிறாள். அன்றிரவு ஜிஜி பேசுவது அவளுக்குப் புரியவில்லை. துடைப்பம் தரையை விட்டு எழவில்லை.

படம் இதற்குக் காரணம் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் நீர்த்துப்போயிருக்கும். ஆனால் நிகழ்வுகளின் வரிசையே போதுமான காரணம். பறப்பது அவளுக்குப் பிறவியில் வந்தது. நடப்பது போல, யோசிக்காமல் செய்தது. அதை வைத்துப் பிழைக்கத் தொடங்கியபின் ஒவ்வொரு பறத்தலும் ஒரு தொகையாகவும், யாரோ ஒருவரின் முகச்சுளிப்பாகவும் மாறுகிறது. கலையைத் தொழிலாகக் கொண்டவர்கள் எல்லாரும் அறிந்த நோய் இது. அதனால்தான் இதற்கு மருந்து சொல்ல ஓர் ஓவியக்காரியைப் படம் அனுப்புகிறது. காட்டுக்குள் குடிலில் இருக்கும் உர்சுலா தனக்கும் வரைய முடியாமல் போன காலம் உண்டு என்கிறாள். அதுவரை வரைந்ததெல்லாம் யாரையோ பார்த்து வரைந்தது என்று தெரிந்தது என்கிறாள். ஜப்பானிய மூலத்தில் கிகிக்கும் உர்சுலாவுக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, மினாமி தகயாமா. பதின்மூன்று வயதுக் குரலும் பதினெட்டு வயதுக் குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன. கிகி தன் எதிர்காலத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக் கேட்டால் அந்தக் காட்சியின் ஆழம் கூடும்.

குடிலில் உர்சுலா வரைந்துகொண்டிருக்கும் பெரிய ஓவியத்துக்கும் ஒரு பின்னணி உண்டு. வட ஜப்பானின் ஹச்சினோஹே நகரத்து நடுநிலைப்பள்ளி ஒன்றின் சிறப்பு வகுப்பு மாணவர்கள், தங்கள் ஆசிரியரின் வழிகாட்டலில் 1970களில் கூட்டாகச் செதுக்கிய மர அச்சுப் படம் அதற்கு மூலம். விற்பதற்காகச் செய்யாத, பலர் கைகள் சேர்ந்த ஒரு படைப்பை இந்தக் கதையில் கலைஞரின் மீட்சிக்கு அடையாளமாக வைத்தது தற்செயலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பொருத்தம் மட்டும் மறுக்க முடியாதது.

படம் பங்கின் முறைக்குத் திரும்பும் இடம் எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் வான்கப்பல் மீட்பு அல்ல. அதற்குச் சற்று முன்னால், பறக்க முடியாத கிகியை அந்த மூதாட்டி மறுபடி அழைக்கிறார். ஒரு கேக்கை எடுத்துக்காட்டி, இதைக் கிகி என்ற பெண்ணிடம் கொடுக்க வேண்டும், அவளுடைய பிறந்தநாள் எப்போது என்று கேட்டு வா, அன்றைக்கும் ஒன்று செய்யலாம் என்கிறார். கிகி கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறாள். இதுவரை கொண்டுபோய்க் கொடுத்தே வந்தவளின் கையில் முதல் முறையாக அவளுக்கென்றே ஒரு பொதி. படத்தின் உச்சக்கட்டம் இதுவே என்பேன். பிறகு வரும் வான்கப்பல் விபத்தும், டோம்போ கயிற்றில் தொங்குவதும், தெருத் துப்புரவாளரிடம் இரவல் வாங்கிய தேய்ப்பானில் கிகி ஏறுவதும் விறுவிறுப்பானவை. பெரிய திரைக்கு வேண்டியவைதான். ஆனால் அவளைப் பறக்க வைத்தது அந்தக் கேக். தன் ஆற்றலை விலைபேசாமல் ஒருவருக்குத் தேவைப்பட்டதால் பயன்படுத்துவதும், அதற்கு இரவல் பொருளை நம்புவதும் கடோனோவின் கோரிக்கோவில் தினமும் நடப்பவை. புத்தகத்திலிருந்து மிகத் தூரம் போனபின் படம் புத்தகத்தின் வாசலுக்கே வந்து நிற்கிறது.

ஜிஜி கடைசிவரை மறுபடி பேசுவதில்லை. தோளில் ஏறி மியாவ் என்கிறது, அவ்வளவுதான். ஜிஜியின் குரல் கிகியின் உள்ளத்தின் மறுபாதி, அது இனித் தேவைப்படவில்லை என்பது தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி போன்றோர் தரும் விளக்கம். டிஸ்னி 1998இல் வெளியிட்ட ஆங்கில வடிவத்தில் கடைசியில் பூனைக்கு ஒரு வசனத்தைச் சேர்த்துவிட்டார்கள். பறக்கும் ஆற்றலோடு எல்லாமே திரும்பிவிட்டதாக அது ஆக்கிவிட்டது. பின்னாளைய பதிப்பில் அது நீக்கப்பட்டது நல்லதாயிற்று. கூலி வாங்கத் தொடங்கியவளுக்குக் குழந்தைப் பருவத்து ஆற்றல் முழுதாகத் திரும்பக் கிடைப்பதில்லை என்பதில்தான் படத்தின் உண்மை இருக்கிறது.

கடோனோ தொடக்கத்தில் இந்த மாற்றங்களை முழு மனதோடு ஏற்கவில்லை. மியசாகியும் சுசுகியும் அவரைச் சந்தித்துப் பேசி, படம் உருவாகும் இடத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அவருடைய தயக்கத்தைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. படம் இழந்ததும் உண்டு. புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் ஓராண்டை முடித்துக் கிகி தன் வீட்டுக்குப் போகிறாள். போன இடத்தில் கோரிக்கோவின் நினைவு வருகிறது. எது தன் ஊர் என்ற கேள்விக்கு அவளே அறியாமல் விடை கிடைக்கிறது. படத்தில் இருப்பது பெற்றோருக்கு எழுதும் கடிதம் மட்டும். பருவங்கள் உருண்டு, கடன்களும் உதவிகளும் சிறிது சிறிதாகச் சேர்ந்து, ஓர் ஊர் ஒருத்தியைத் தன்னுடையவளாக்கிக்கொள்ளும் நீண்ட வேலையைப் படத்தால் செய்ய முடியவில்லை. அதற்குப் பதில் ஒரே நாளில் ஊர் முழுக்கக் கைதட்டுகிறது. மியசாகியின் பக்கம் மனம் சாய்ந்த நானும் இந்தக் கைதட்டலை நம்பத் தயங்குகிறேன்.

படம் வந்து நான்கு ஆண்டுகள் கழித்து 1993இல் கடோனோ இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். 2009இல் வந்த ஆறாம் பாகத்தோடு முதன்மைத் தொடர் முடிந்தது. அதற்குள் கிகி தாயைப் போல மருந்து காய்ச்சக் கற்றுக்கொண்டாள், டோம்போவை மணந்தாள். இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள், பெண் நினி, ஆண் தோத்தோ. ஆறாம் பாகத்தில் அவர்கள் பதின்மூன்றை நெருங்குகிறார்கள். மந்திரம் பெண் வழியில் மட்டுமே வரும் குலத்தில் பிறந்த தோத்தோவுக்குப் பறக்கவும் வராது, மருந்து காய்ச்சவும் உரிமையில்லை. தன்னிடம் பகிர்வதற்கு என்ன இருக்கிறது என்று அந்தப் பையன் தேட ஆரம்பிக்கும்போது கடோனோவுக்கு வயது எழுபத்து நான்கு.